குளிர்காலத்துக்கு ஒரு மீன்பிடி கிராமம்... 90 நாள் ஆனா கிளம்பணும்! அதென்ன ஷெங்கன் கணக்கு?

டிசம்பர் மாதம் லண்டனில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். அதே நாளில் போர்ச்சுகலின் தெற்குக் கரையான அல்கார்வ் பகுதியில் 5 மணி தாண்டியும் வெயில் இருக்கும். அதனால்தான் ஓய்வுபெற்ற பிரிட்டிஷ்காரர்கள் பலர், குளிர் தொடங்கியதும் வலசைப் பறவை மாதிரி இங்கே வந்துவிடுகிறார்கள். ஆனால், பிரெக்ஸிட்டுக்குப் பிறகு நினைத்தபடி தங்க முடியாது. ஏன்?

எப்படிப்பட்ட ஊர்?

தவிரா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாந்தா லூசியா, ஆக்டோபஸ் மீன்பிடிப்புக்குப் பெயர்போன சின்ன ஊர். கயிற்றில் வரிசையாகக் குடுவைகளைக் கட்டிக் கடலில் இறக்கிவிடுவார்கள். ஒளிய இடம் தேடும் ஆக்டோபஸ், பொந்து என்று நினைத்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இரையே தேவையில்லை. அந்தக் காலத்து மண் குடுவைக்குப் பதில் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

பக்கத்தில் உள்ள பாரில் கடற்கரை மணலில் பழைய நங்கூரங்கள் வரிசையாக நிற்கும். ஒருகாலத்தில் சூரை மீன் வலைகளைப் பிடித்து நிறுத்தியவை அவை. 1960-களில் அந்தத் தொழில் நின்றுபோனது. மீனவர்கள் தங்கிய கட்டடங்களில் இன்று உணவகங்கள் நடக்கின்றன.

முன்பு எப்படி? இப்போது எப்படி?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை, பாஸ்போர்ட்டில் முத்திரைகூட கிடையாது. 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அது முடிந்தது. அதற்கு முன்பே அங்கு சட்டப்படி குடியிருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மற்றவர்களுக்கு '90/180' விதிதான்.

அதென்ன 90/180?

எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும், ஷெங்கன் பகுதியில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. ஜனவரி 1-ம் தேதி கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைத்தால் தப்பு. ஒவ்வொரு நாளும், அதற்கு முந்தைய 180 நாட்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

உதாரணமாக, நவம்பர் 1-ம் தேதி போய் இறங்குகிறீர்கள். ஜனவரி 29-ம் தேதி 90 நாள் முடிந்துவிடும். திரும்பவும் உள்ளே வர ஏப்ரல் 30 வரை காத்திருக்கணும். அதற்குள் குளிர்காலமே போய்விடும்!

கவனிக்க வேண்டியவை:

* போய்ச் சேரும் நாளும், கிளம்பும் நாளும் கணக்கில் சேரும்.
* ஷெங்கனில் 29 நாடுகள் உள்ளன. பக்கத்து ஸ்பெயினுக்குப் போனாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.
* 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் கைரேகை, முகப்படம் எடுத்துப் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்தது. ஒரு நாள் கூடினாலும் கணினி காட்டிக்கொடுத்துவிடும். அபராதம், நுழையத் தடை வரை போகலாம்.

குளிர்காலம் முழுக்கத் தங்க வழியே இல்லையா?

இரண்டு வழி உண்டு. ஒன்று, நாட்களைப் பிரிப்பது. கிறிஸ்துமஸுக்கு முன் 45 நாள், ஊருக்குப் போய்வந்து 45 நாள்.

இன்னொன்று, ஓய்வூதியம் போன்ற நிலையான வருமானம் உள்ளவர்களுக்கான 'டி7' விசா. போர்ச்சுகலின் குறைந்தபட்ச ஊதியம் அளவுக்காவது வருமானம் காட்டணும். 2025-ல் அது மாதம் 870 யூரோ. ஆனால் இது குடியேறுபவர்களுக்கான விசா. ஆண்டில் பெரும்பகுதி அங்கேயே இருக்கணும். 183 நாள் தாண்டினால் வரியும் அங்கேதான்.

போகும் முன்...

பகலில் 16 டிகிரி என்றாலும், பல வீடுகளில் சூடேற்றும் வசதி இல்லை. ராத்திரி வீட்டுக்குள்ளேயே நடுங்கும். மழைக்காலமும் அதுதான். எனவே வாடகை பேசும்போதே ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மருத்துவக் காப்பீடும் முக்கியம். பிரிட்டன் தரும் சுகாதார அட்டை அரசு மருத்துவமனையில் உதவும். நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவை அது ஏற்காது.

நமக்கும் பொருந்துமா?

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இதே கணக்குதான். இந்திய பாஸ்போர்ட் என்றால் முதலில் ஷெங்கன் விசா வேண்டும். விசாவில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ, அத்தனை நாள்தான். விசா ஓராண்டு செல்லும் என்றாலும் 90/180 விதி மாறாது. மகன், மகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர் டிக்கெட் போடும் முன், காலண்டரை எடுத்து ஒருமுறை எண்ணிவிடுவது நல்லது.