பகிடி எழுதிய எஞ்சினியர்



இந்த வரலாற்று உரைத் தொடரில் அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் நிறையக் கதைத்துவிட்டோம். இம்மாதம் ஒரு பகிடி எழுத்தாளரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். எங்களைப் போன்ற ஓர் அகதியைக் கதாநாயகனாக வைத்துத் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்த படத்துக்கு வசனம் எழுதியவர் அவர். பெயர் கிரேசி மோகன்.

1952 ஒக்டோபர் 16இல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்துவிட்டு சுந்தரம் கிளேட்டன் கம்பெனியில் வேலை பார்த்தார். சன்னிவேலில் எங்களில் பாதிப் பேர் எஞ்சினியர்மார். வேலை முடிந்த பிறகு நாடக ஒத்திகைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. ஆகவே இந்த மனிதரை எங்களுக்கு நன்றாக விளங்கும். 1976இல் எஸ்.வி.சேகரின் குழுவுக்கு அவர் எழுதிக்கொடுத்த 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்திலிருந்துதான் பெயருக்கு முன்னால் 'கிரேசி' ஒட்டிக்கொண்டது. 1979இல் சொந்தக் குழு தொடங்கினார். அவருடைய நாடகம் ஒன்றை கே.பாலசந்தர் 1983இல் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார். சினிமாவுக்குள் வந்த வழி அது.

இனிக் கொஞ்ச நேரம் ஹொலிவூட்டுக்குப் போகவேண்டும். காரணம் இருக்கிறது.

ஒட்டாத இரண்டு பேரை ஒரே காரில் ஏற்றிவிட்டு, அவர்கள் சண்டை பிடித்துக்கொண்டே கள்ளனைப் பிடிப்பதைக் காட்டும் பொலிஸ் படங்கள் 1980களில் அங்கே நல்லாக ஓடின. அதில் பேர்போனது 1987இல் வந்த 'லீதல் வெப்பன்'. எழுதியவர் ஷேன் பிளாக் என்ற இளைஞர்; அந்தக் கையெழுத்துப் பிரதி இரண்டரை இலட்சம் டொலருக்கு விலைபோனது. அதில் வரும் ரிக்ஸ் வியட்நாம் போருக்குப் போய்வந்தவன். மனைவியை இழந்து, உயிரை வெறுத்துத் திரிகிறவன். அவனோடு சேர்த்துவிடப்படும் மேர்ட்டோ மனைவி பிள்ளைகளோடு வாழ்கிற மனிதர். போர் கெடுத்த ஒருவன் ஓர் ஒழுங்கான வீட்டுக்குள் நுழைகிறான். வீட்டுக்காரர் தலையில் கை வைக்கிறார். துப்பாக்கிச் சத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் அந்தப் படத்தின் எலும்புக்கூடு இதுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் முழுப் படமாக அப்படி இரட்டைப் பொலிஸ் கதை அதிகம் வரவில்லை. ஆனால் 1989 ஏப்ரல் 14இல் வெளிவந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்துக்குள் ஒரு சோடி ஒளிந்திருக்கிறது. கதை பஞ்சு அருணாசலம், இயக்கம் சிங்கீதம் சீனிவாசராவ், வசனம் மோகன். பழிவாங்கும் கதை; கொலைக்கு மேல் கொலை. துப்புத் துலக்க வருகிறார்கள் இன்ஸ்பெக்டர் ஜனகராஜும் கான்ஸ்டபிள் ஆர்.எஸ்.சிவாஜியும். இன்ஸ்பெக்டர் வாய்க்கு வந்ததை ஊகிப்பார். கான்ஸ்டபிள் அதைக் கேட்டு உருகி, மேலதிகாரியை வானத்துக்கே ஏற்றிவிடுவார். இடைச்செருகல் என்று நினைக்கவேண்டாம். இந்த அறிவாளிகளின் விசாரணைதான் குள்ளன் அப்பு செய்த கொலைகளை, அதே முகம் கொண்ட ராஜாவின் தலையில் கட்டுகிறது. பிரிந்த சகோதரர்களின் இரண்டு கதையும் முட்டிக்கொள்ளும் சந்தி அது. பகிடியைக் கொண்டே கதையை நகர்த்துவது இலேசான வேலை அல்ல.

அந்தப் படம் வந்த நேரம் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவம் நின்றது. நாங்கள் பிறகு டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்துத்தான் பார்த்தோம். சீருடை என்றால் சோதனைச்சாவடி, அடையாள அட்டை, வயிற்றில் ஒரு கலக்கம் என்று பழகிய சனம், ஒரு சீருடைக்காரரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. அந்த முற்றத்துச் சிரிப்பை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு 'மைக்கேல் மதன காமராஜன்', 'சதிலீலாவதி', 'அவ்வை சண்முகி' என்று கமலோடு வரிசையாகப் படங்கள். கதாநாயகிக்கு ஜானகி என்று பெயர் வைப்பது மோகனின் வழக்கம். தன்னை ஊக்குவித்த பள்ளிக்கூட ரீச்சரின் பெயராம். 2000ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த 'தெனாலி'யிலும் ஜோதிகாவுக்கு அதே பெயர்தான்.

கே.எஸ்.ரவிகுமாரின் அந்தப் படத்தில் தெனாலி சோமன் இலங்கை அகதி. யுத்தம் அவனுக்குள் விதைத்த பயம் உலகத்தில் உள்ள எல்லாப் பொருளின் மேலும் பாய்கிறது. மனநல டொக்டராக வரும் ஜெயராமின் பின்னால் கொடைக்கானல் வரை போய், அவருடைய குடும்பத்துக்குள் நுழைந்துவிடுகிறான். 1991இல் வந்த 'வாட் அபவுட் பாப்?' என்ற ஆங்கிலப் படத்தின் சாயல் இதில் உண்டு. ஆனால் அந்தப் பாப்புக்கு யுத்தம் இல்லை. யுத்தத்தைச் சேர்த்ததும் கதை ரிக்ஸ், மேர்ட்டோ பக்கம் நகர்ந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். துவக்கு இல்லாத ரிக்ஸ்தான் தெனாலி.

அவன் வாயில் வந்தது யாழ்ப்பாணத் தமிழ். சென்னைக்காரரான மோகன் எழுதியதை அந்தப் பேச்சுக்குக் கொண்டுவர கமலுக்குப் பயிற்சி கொடுத்தவர் எங்கள் இலங்கை வானொலி பி.எச்.அப்துல் ஹமீத். வானொலிக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை, விட்டுக்கொடுக்க மாட்டோம்!

பெருமையோடு ஒரு முள்ளும் இருக்கிறது. படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு நண்பர்கள் பலர் எங்கள் பேச்சைக் கேட்டதும் "தெனாலி மாதிரிக் கதைக்கிறீங்க" என்று சிரித்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் சிலர் அம்மம்மாவின் தமிழையே 'தெனாலித் தமிழ்' என்கிறார்கள். ஆனையிறவுச் சண்டை நடந்த அதே வருடத்தில் எங்கள் பயம் சிரிப்புப் பட்டியலானது சரியா என்று பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் பயங்களை அடுக்கும் இடத்தில் சிரிக்க வைத்த மோகன், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெனாலி சொல்லும் இடத்தில் பகிடி எழுதவில்லை. அந்த அளவு தெரிந்தவரை நான் கோபிக்க மாட்டேன். எனக்குள்ள குறை வேறு: படம் அவனைக் கோமாளியாக வைத்திருந்த நேரம் அதிகம், மனிதனாகப் பார்த்த நேரம் குறைவு.

மோகன் 2019 ஜூன் 10இல் சென்னையில் மாரடைப்பால் காலமானார். 2025 மே மாதம் இன்னொரு இலங்கைக் குடும்பம் தமிழ்ச் சினிமாவின் சிரிப்புப் படமொன்றுக்குள் வந்தது: அபிஷன் ஜீவிந்தின் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. அதில் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லப்படும் முதல் புத்திமதிகளில் ஒன்று, அக்கம்பக்கத்தில் உங்கள் தமிழில் கதைக்க வேண்டாம் என்பது.