கூலிப்பாதை: கோடைக்கானலுக்கு ஏறிய பழைய வழி

கோடைக்கானலுக்கு இன்று வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் போகிறோம். பாதித் தூரம் தூக்கம், மீதித் தூரம் தலைசுற்றல். அந்தச் சாலை வருவதற்கு முன் ஜனங்கள் எப்படிப் போனார்கள் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

1821-இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேயர் பழநி மலையை அளக்க வந்தார். அவர் தங்கியது மலைச்சரிவில் உள்ள வெள்ளகவி கிராமத்தில். அங்கிருந்துதான் கோடைக்கானலுக்கு ஏறினார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் காய்ச்சலுக்குப் பயந்து மேலே இரண்டு வீடுகள் கட்டினார்கள். அதன் பின் போக்குவரத்து பெருகியது.

1875-இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அதுதான் இன்றைய கொடை ரோடு ஸ்டேஷன். இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புக்கு வருவார்கள். அதற்கு மேல் வண்டி போகாது. சுமார் 12 மைல், ஏறக்குறைய 6,000 அடி ஏற்றம். வசதி உள்ளவர் குதிரையிலோ டோலியிலோ போவார். டோலியைத் தூக்கியவர்களும், பெட்டி படுக்கையைத் தலையில் சுமந்தவர்களும் நம்மூர்க் கூலியாட்கள். அதனால்தான் அதற்குக் ‘கூலி காட்’ என்று பெயர்.

மேஜர் லா அமைத்த மலைச்சாலை 1914-இல் முடிந்து 1916-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. சாலைக்கு அவர் பெயர் நிலைத்தது. சுமந்தவர்களுக்கோ ‘கூலி’ என்ற பொதுப்பெயர்தான் மிச்சம்.

வண்டிச்சாலை வந்த பிறகு பாதையை யார் கவனிப்பார்கள்? ஆனாலும் சரிவில் இருந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் வழி. உப்பு, அரிசி மேலே போகவும், காப்பிக்கொட்டை கீழே வரவும் மட்டக்குதிரைகள் அந்தப் பாதையில்தான் நடந்தன. நோயாளியையும் டோலி கட்டித் தூக்கித்தான் வரவேண்டும்.

1992 ஜனவரியில் நம் கல்லூரியிலிருந்து பன்னிரண்டு பேர் அந்த வழியாக நடந்தோம். வழிகாட்ட ஒரு பெரியவர் வந்தார். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் நாங்கள் நாலைந்து பேர் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, குறுக்கே சறுக்கி இறங்கினோம். தாங்குசுவரிலிருந்து இரண்டு கல் உருண்டு பள்ளத்துக்குப் போய்விட்டது. எங்களுக்கு ஒரே சிரிப்பு.

பெரியவர் சிரிக்கவில்லை. “தம்பி, நீங்க போனது பாதையில்ல. அடுத்த மழைக்குத் தண்ணிக்கு வழி காட்டிட்டுப் போறீங்க” என்றார். அரை மணி நேரம் எங்களை உட்கார வைத்துவிட்டு, வேறு கல் தேடி எடுத்து வந்து அடுக்கினார். உதவிக்குப் போனோம். “கல்லை உள்பக்கமாச் சாய்ச்சு வைங்க. வெளியே சாஞ்சா நிக்காது” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. மலைப்பாதையைக் கெடுப்பது நடப்பவர்களின் கால் மட்டுமல்ல, தண்ணீர்தான். வளைவுகளை வெட்டியதே சரிவைக் குறைக்கத்தான். குறுக்கே ஒரு தடம் விழுந்தால் மழைநீர் அதையே ஓடையாக்கிக்கொள்ளும். மண் அரித்து, கல் பெயர்ந்து, வளைவே சரிந்துவிடும். குறுக்கு வடிகாலில் சருகு அடைத்தாலும் அதே கதைதான். தண்ணீர் பாதையிலேயே இறங்கும். உன்னிச்செடி இருபுறமும் மண்டினால் ஆட்கள் வெளி ஓரத்தில் நடப்பார்கள், ஓரம் இடியும். பராமரிப்பு என்பது பெரிய செலவு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னும் பின்னும் மண்வெட்டி, அரிவாளோடு நாலு பேர் நடந்தாலே போதும்.

2013-இல் இந்த மலைக்காடு கோடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. 2018 நவம்பரில் கஜா புயல் கோடைக்கானல் மலையை உலுக்கி, மரங்களைச் சாய்த்து மண்சரிவை உண்டாக்கியது. ஒரு மழைக்காலத்தில் அடைபடும் வழியைத் திறக்க ஆள் இல்லையென்றால், காடு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அது காட்டின் குற்றமில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வனத்துறையிடம் முறையாக அனுமதி வாங்கி ஒருமுறை நடந்து பாருங்கள். குப்பை போடாதீர்கள். வளைவில் குறுக்கே இறங்காதீர்கள். அனுமதி கிடைத்தால், ஒரு வடிகாலில் அடைத்த சருகையாவது தள்ளிவிட்டு வாருங்கள்.

அன்று உருட்டிவிட்ட இரண்டு கல்லுக்கு நான் இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை. முட்டி ஒத்துழைத்தால் நானும் உங்களோடு வருகிறேன்.