வளரி திரும்பி வருமா?

வளரியை எறிந்தால் எதிரியின் தலையைக் கொய்துவிட்டு எறிந்தவன் கைக்கே திரும்பி வந்துவிடும் என்று வருஷத்துக்கு ரெண்டு பேராவது எனக்கு அனுப்பிவிடுவார்கள். முன்னாடி ஃபார்வர்டு மெயிலில் வந்தது, இப்போ வாட்ஸப்பில் வருது. படமும் அதேதான், எழுத்துப்பிழையும் அதேதான். கூடவே 'பகிருங்கள் தமிழர்களே'ன்னு ஒரு வரி.

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தலையைக் கொய்யிற வேகத்துல போன சாமான் அதே வேகத்துல நம்ம பக்கம் திரும்பி வந்தா யாருங்க அதைப் பிடிக்கிறது?

திரும்பி வரும் பூமராங் என்பது எடை குறைவானது. எதிலும் மோதாமல் போனால்தான் வட்டம் போட்டு வரும். எதிலாவது பட்டால் அங்கேயே விழுந்துவிடும். ஆஸ்திரேலியப் பழங்குடிகளே கங்காரு வேட்டைக்கு வைத்திருந்தது கனமான, நேராகப் போய் அடிக்கிற வகையைத்தான். எகிப்தில் 1922ல் திறக்கப்பட்ட துத்தன்காமுன் கல்லறையிலும் எறிதடிகள் கிடைத்திருக்கின்றன. போலந்தில் ஒரு குகையில் மாமத யானைத் தந்தத்தில் செய்த ஒன்று 1985ல் கிடைத்தது. அதன் வயது ஏறக்குறைய 40,000 வருஷம் என்று 2025ல் கணக்குச் சொன்னார்கள். அதுவும் திரும்பி வராத ஜாதிதான். ஆக, வளைந்த தடியை எறிந்து வேட்டையாடும் யோசனை மனுஷனுக்குப் பல இடத்தில் வந்திருக்கிறது. யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டார்கள் என்று பஞ்சாயத்து வைக்க வேண்டியதில்லை.

நம்ம வளரியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வளரி, வளைத்தடி, வளதடி, மதுரைப் பக்கம் எப்படிச் சொன்னாலும் புரியும். பிறைநிலா வடிவம். ஒரு முனை ஒல்லி, இன்னொரு முனை அகலமாகவும் கனமாகவும் இருக்கும். ஒல்லி முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே நாலு சுற்று சுற்றி விடுவார்கள். கெட்டி மரத்தில் செய்தது அதிகம், இரும்பில் கொஞ்சம், அரண்மனைக்காரர்களுக்குத் தந்தத்தில்.

கையால் எறியக் கற்றுக்கொண்ட ஒருத்தர் எழுதி வைத்த சாட்சி நம்மிடம் இருக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி. 1795 வாக்கில் மதுரையில் இருந்த இளைஞர். சிறுவயலுக்குப் போய் சின்ன மருதுவோடு பழகியிருக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று 1830ல் வந்த தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். தேர்ந்தவன் கையில் இருந்தால் நூறு கெஜத்துக்குள் குறி தப்பாதாம். எறிந்தது திரும்பி வரும் என்று மனுஷர் ஒரு வார்த்தை எழுதவில்லை!

அந்தக் குறிப்பில் என்னைப் படுத்துவது அடுத்த பகுதி. ஆறு வருஷம் கழித்து, 1801 போரில், தன் குருவுக்கு எதிரான படையிலேயே வெல்ஷ் இருக்கிறார். தொடை முறிந்து பிடிபட்ட சின்ன மருதுவை அந்த நிலையில் பார்க்க நேர்ந்ததையும், அண்ணன் தம்பி இருவரும் தூக்கில் தொங்கியதையும் எழுதுகிறார். திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. வாத்தியாரைப் பற்றி சிஷ்யன் எழுதிய குறிப்பு என்று நினைத்துப் படித்தால் தொண்டை அடைக்கும்.

போர் முடிந்ததும் கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள். பாளையக்காரர் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதே குற்றம் என்று ஆனது. நூறு வருஷம் கழித்து எட்கர் தர்ஸ்டன் (சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர்) தன் 1909 புத்தகத்தில் கள்ளர் பற்றி எழுதும்போது புதுக்கோட்டை திவான் அனுப்பிய தகவலைச் சேர்க்கிறார். வளரி எறியத் தெரிந்தவர் சமஸ்தானத்தில் இப்போது இல்லை, முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு எப்போதாவது எடுக்கிறார்கள், மற்றபடி அது சாமி அறையில் இருக்கிறது, ஆயுத பூஜை அன்று எடுத்துச் சுரண்டிச் சுத்தம் பண்ணி மறுபடி வைத்துவிடுகிறார்கள் என்பது சாராம்சம். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பொண்ணு வீடும் வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கமும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

அந்தச் 'சுரண்டி' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருது.

பறித்த ஆயுதமெல்லாம் எங்கே போச்சு? எல்லாவற்றுக்கும் கணக்கு சொல்ல முடியாது. ஒரு பெரிய கிடங்குக்கு மட்டும் சொல்லலாம். தஞ்சாவூர் அரண்மனை. 1855ல் கடைசி ராஜா வாரிசில்லாமல் போனபின் கம்பெனி எடுத்துக்கொண்டது. நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்த வாள், கட்டாரி, ஈட்டி, அங்குசம் எல்லாம் மலைமலையாகக் கிடந்திருக்கிறது. 1860களில் அதில் நல்லதாகத் தெரிந்ததைப் பொறுக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு, மீதியை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வால்ஹவுஸ் என்ற சிவில் அதிகாரி 1878ல் இதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். தப்பித்தவைதான் இன்றைக்கு எழும்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவை. தந்த வளரிகளும் அப்படி வந்தவை. அடுத்த முறை சென்னை போனால் பிரியாணி சாப்பிட்ட கையோடு ஒரு நடை போயிட்டு வாங்க. ராபர்ட் எல்குட் 2004ல் தென்னிந்திய ஆயுதங்கள் பற்றி எழுதிய தடிமன் புத்தகத்துக்கு அடிப்படையே இந்தச் சேகரிப்புதான்.

அரண்மனை ஆயுதத்துக்கு இரும்பு விலை. வீட்டு ஆயுதத்துக்கு என்ன ஆச்சு?

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நண்பன் வீட்டுச் சாமி அறையில் ஒன்று இருக்கிறது என்று பல வருஷத்துக்கு முன்னால் பார்க்கப் போனேன். மரம். நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. பிடிக்கிற முனையில் நழுவாமல் இருக்க ஒரு சின்ன குமிழ். அந்தக் குமிழைச் சுற்றி மட்டும் மரம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கை பட்ட வழவழப்பு. கன முனையின் வெளிவளைவில் நாலைந்து நசுங்கல். எதிலோ மோதிய தடம். இந்த ரெண்டும்தான் முக்கியம். பொம்மைக்குச் செய்த வளரியில் வழவழப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அடிபட்ட தடம் இருக்காது.

யாரோ பழைய சாமான் வாங்குகிறவர் வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருந்தார். நண்பனோட சித்தப்பாவுக்குக் கொடுத்துடலாம்னு ஆசை. அப்பத்தா திண்ணையிலிருந்தே சத்தம் போட்டது. "ஏண்டா, அது எங்க மாமனாரு கும்பிட்ட சாமிடா. சாமிய வெலை கேக்குறாய்ங்கன்னா நீயும் குடுத்துருவியாக்கும்?" சித்தப்பா அப்புறம் வாயைத் திறக்கவில்லை. அப்பாடா, பிழைத்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ரெண்டு வருஷம் கழித்து நண்பன் போட்டோ அனுப்பினான். ஆயுத பூஜைக்காக அதே சித்தப்பா, நல்ல எண்ணத்தில்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்தேய்னு தேய்த்து, கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த சில்வர் பெயின்ட்டை அடித்துவிட்டார். குமிழ் வழவழப்பும் போச்சு, நசுங்கலும் போச்சு. மாலை போட்டு, சந்தனம் வைத்து, பளபளன்னு இருக்கு. விற்றிருந்தால்கூட எங்காவது ஒரு அலமாரியில் அப்படியே இருந்திருக்கும்னு ஒரு கெட்ட நினைப்பு வந்தது, மறைக்கவில்லை.

இந்த இடத்தில் ஔவையார் ஞாபகம் வருகிறார். தொண்டைமானிடம் அதியமானுக்காகத் தூது போனபோது அவனுடைய ஆயுதக் கிடங்கைப் பார்த்து அவர் செய்த நக்கல், புறநானூற்றில் 95ஆவது பாட்டு. உன் ஆயுதமெல்லாம் மயில்பீலி சூட்டி நெய் பூசி அழகாக இருக்கு, எங்காளு ஆயுதமோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கு என்கிற மாதிரி. சேகரிக்கிறவர்கள் எல்லோரும் மயில்பீலிப் பக்கமே போகிறோம். உண்மையில் படிக்க வேண்டியது முனை முறிந்ததைத்தான்.

இரும்புச் சாமானுக்கும் இதே விதிதான். அரிவாளையும் இரும்பு வளரியையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். அரிவாளுக்குக் கூர் உள்வளைவில் இருக்கும், அடியில் மரப்பிடி மாட்ட ஒரு காம்பு இருக்கும். இரும்பு வளரி முழுசும் ஒரே துண்டு, கூர் வெளிப்பக்கம். திருப்பாச்சேத்தி அரிவாள் என்று நீட்டினால் நூறு வருஷம் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். இப்போதைய அரிவாள் பெரும்பாலும் லாரி வில்பட்டையில் அடித்தது. அது மட்டமென்று சொல்லவில்லை, நல்ல எஃகுதான். ஆனால் லாரி வருவதற்கு முன்னால் வில்பட்டை ஏது?

கட்டாரி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்னாட்டுக் கட்டாரியில் நல்லது பலவற்றில் அலகு மட்டும் ஐரோப்பியச் சரக்காக இருக்கும். முறிந்த சீமை வாளை வெட்டி, நம்ம ஊர்ப் பிடியில் குடையாணி வைத்து இறுக்கியிருப்பார்கள். அதனால் நீளவாக்கில் காடி ஓடுகிறதே, போலி என்று தள்ளிவிடாதீர்கள். குடையாணி இருக்க வேண்டிய இடத்தில் வெல்டிங் குமிழ் இருந்தால் தள்ளிவிடுங்கள். பிடியை அழுத்தினால் கத்திரி மாதிரி மூணாக விரியும் கட்டாரி ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கும். அது போருக்குப் பண்ணியதில்லை, ஆச்சரியப்படுத்தப் பண்ணியது. நாயக்கர் காலத்தில் இடுப்பில் கத்தியை எப்படிச் செருகினார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் மீனாட்சி கோவிலுக்கு எதிரே புதுமண்டபத்துக்குப் போய் நாயக்க மன்னர் சிலைகளைப் பாருங்கள். கல்லில் இருப்பதை யாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க முடியாது. (முடியும். ஆனா இன்னும் யாருக்கும் தோணலை, தோண வைக்க வேண்டாம்.)

சட்டம் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயசு தாண்டியது தொல்பொருள். லைசென்ஸ் இல்லாமல் அதை வியாபாரம் பண்ண முடியாது, தனியாள் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. வாள், கட்டாரிக்கு ஆயுதச் சட்டம் 1959 தனி. விவசாயத்துக்கும் வீட்டு வேலைக்கும் செய்த சாமான் அதில் வராது. அதனால்தான் அரிவாள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடந்தால் போலீஸ்காரர் என்ன சொல்வார் என்பது வேறு கதை :-)

வளரியை இன்றைக்கும் பொதுவில் பார்க்க ஒரு நாள் இருக்கிறது. சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கும்போது கள்ளர் கோலத்தில் வருகிறார் இல்லையா, கொண்டையும் உருமாலும் கடுக்கனுமாக. சாட்டைக்கம்போடு வளதடியும் அந்தக் கோலத்தில் உண்டு. தொ.பரமசிவன் அழகர் கோயில் ஆய்வில் இந்தக் கோலத்தைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். லட்சம் பேர் தண்ணி பீய்ச்சிக்கொண்டு முகத்தை மட்டும் பார்ப்போம். இந்தத் தடவை ஒரு நிமிஷம் கையையும் பாருங்க.

உங்க வீட்டுச் சாமி அறையிலோ பரணிலோ வளைந்த தடி ஒன்று கிடந்தால் ஆயுத பூஜைக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்கள். வெளிச்சத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். தராசில் எடை போடுங்கள். யார் வழியாக வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடவே வையுங்கள். அப்புறம் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, சந்தனத்தை மரத்தில் வைக்காமல் அதைச் சுற்றியிருக்கும் துணியில் வைக்கலாம். சித்தப்பா கையில் பெயின்ட் டப்பா இருந்தால் முதலில் அதை வாங்கி வையுங்கள்.