கட்டுமரம்: சொல்லும் பொருளும்

‘கட்டுமரம்’ என்னும் சொல்லை வினைத்தொகை என்று இலக்கணம் கற்ற மாணவன் ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்துக்கும் இசைந்து நிற்பதே அத்தொகையின் லட்சணம். தாம்பரத்துக்குக் கிழக்கே, நீலாங்கரை தொடங்கிக் கோவளம் வரையில் கிடக்கும் மீனவக் குப்பங்களில் இது ஏட்டளவில் நின்ற சமாசாரமன்று. கடலினின்று மீண்டதும் கயிற்றை அவிழ்த்து, நீர் ஊறிக் கனத்துப்போன மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்தி, அடுத்த பிரயாணத்துக்கு மறுபடியும் பிணைத்துக்கொள்வது அங்கே வழக்கமாதலின், மூன்று காலமும் அந்த மரத்தில் மெய்யாகவே நடந்துவந்தன. புழங்கியவர்களோ ‘மரம்’ என்றே சுருக்கிச் சொன்னார்கள்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று இரவில்தான் எழும். கடற்காற்றோ வெயில் ஏறிய பிறகே வரும். ஆகவே பின்னிரவில் பாய் விரித்துப் புறப்பட்டுப் பகலில் திரும்புவதே பாய்மரத் தொழிலின் கிரமம். ஆழ்கடலிலேயே இரவைக் கழிப்பதும் உண்டு. பறக்கும் மீனாகிய கோலாவைத் தேடி, நாகப்பட்டினத்துப் பக்கத்தில் ‘கோலாமரம்’ எனப்பட்ட பெரிய கட்டுமரங்கள் கரை மறையுமளவு சென்று, தழைக் கட்டுகளை நீரில் மிதக்கவிட்டு, அவற்றில் முட்டையிட வரும் மீன்களை அள்ளிக்கொண்டதைச் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் விரிவாக எழுதியிருக்கிறார். இத்துணைச் சிறிய மிதவையை நம்பி அவ்வளவு தூரம் போவதற்கு ஆதாரம் யாதெனில், அதில் நீர் நிற்பதற்கே இடமில்லாமைதான்: மேலே விழுந்த அலை மரங்களின் இடுக்குவழியே வடிந்துவிடும்; இறைக்கவேண்டிய தொல்லையே இல்லை. ஏறியிருப்பவனுடைய இடுப்புக்குக் கீழே உலர்ந்த துணி ஏதும் இராது என்பது வேறு விஷயம்.

சங்கச் செய்யுட்களில், இரவில் விளக்கேற்றி மீன்பிடிக்கச் செல்லும் பரதவரின் கலம் ‘திமில்’ எனப்படுகிறது. அதனைக் கட்டுமரமென்றே கொள்வாரும் உளர். ஆயினும் ‘கொடுந்திமில்’ என வளைவைச் சுட்டும் அடை அதற்கு வருதலால், வளைந்த உடலுடைய படகுக்கே அப்பெயர் பொருந்துமென்பது என் அபிப்பிராயம்.

1697-இல் வெளிவந்த தம் பிரயாண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் இம்மிதவையை அதன் பெயரோடு வர்ணித்தார். துறைமுகம் இல்லாத அந்நாளைய சென்னையில் கப்பல்கள் எட்டவே நங்கூரமிட்டு நிற்க, மரக்காரர்கள் கடிதங்களைத் தலைக்குல்லாயில் செருகிக்கொண்டு அலையைக் கடந்து சேர்ப்பித்தனர். ஆங்கிலேயர் நாவில் சொல் பதிந்தது இவ்வாறே. பதிந்தபின் அது பொருளை மறந்து அலைந்தது. 1804-இல் பூலோன் துறைமுகத்து பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க அனுப்பிய வெடிமிதவைகளுக்கு அப்பெயரை இட்டார்கள். பிறகு 1876-இல் அமெரிக்காவில் நதானியேல் ஹெரஷாஃப் என்பார் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டையுடல் படகைப் பந்தயத்தில் ஓட்டினார். அத்தகைய படகுகளுக்கே இப்பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

‘கேட்டமரான் தமிழன் உலகுக்கு அளித்த கப்பல்’ என்று மேடையில் முழங்குவோர் இங்கே சற்று நிதானிக்கவேண்டும். பெயர் நம்முடையது, சந்தேகமில்லை. இரட்டையுடல் அமைப்போ பாலினீசியத் தீவினர் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்த கலங்களுக்கு உரியது. நம் மரத்துக்கு இரண்டு உடலுமில்லை, இடையில் வெளியுமில்லை.

குப்பங்களில் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. ‘ஃபைபர்’ என்பது அவற்றுக்கு வழங்கும் பெயர். இதனிடையே, அயல்நாட்டு இரட்டையுடல் கப்பலைத் தமிழில் ‘கட்டுமரம்’ என்று மீண்டும் எழுதுகிற வழக்கமும் பத்திரிகைகளில் தலைகாட்டுகிறது. அதனை ‘இரட்டையுடல் படகு’ என்றே எழுதலாம். கட்டாத ஒன்றைக் கட்டுமரம் என்பானேன்?