விறகுக்கடையின் முதல்: ஒரு சிறுதொழிலின் கருவிகளும் சொற்களும்

புறநானூற்றின் 70-ஆம் பாட்டில் கோவூர்கிழார், சோழன் கிள்ளிவளவனின் கொடையைப் புகழ ஓர் உவமையை எதிர்மறையாக ஆள்கிறார். விறகு கொண்டுவரக் காட்டிற்குச் சென்றோர் எதிர்பாராமல் பொன்னைக் கண்டெடுப்பதுண்டு. இவ்வரசனின் ஈகை அத்தகைய தற்செயல் நிகழ்ச்சி அன்று, உறுதியாகக் கிடைப்பது என்பது அவர் கருத்து. உவமைக்கு ஏழையர் வேண்டும் என்றபோது புலவரின் நெஞ்சில் முதலில் தோன்றியவர் விறகு கொணர்வோர். பிற்காலத்தில் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணமோ இறைவனையே விறகு விற்பவனாக மதுரைத் தெருவில் நடக்கவிடுகிறது. தமிழ் இலக்கியம் இத்தொழிலை இவ்வாறு இருமுறை நினைவுகூர்ந்தாலும், விறகு விற்றவன் எந்தக் கோடரியால் பிளந்தான், எதில் நிறுத்தான், எங்கே உலர்த்தினான் என்பன புலவர்க்கு வேண்டாதவை. அவ்வினாக்களை மலாயா, சிங்கப்பூர் மண்ணில் நின்று எழுப்புவதே இப்பொழிவின் நோக்கம்.

ஒரு பொருள், பல பெயர்

விறகு என்னும் சொல் ஒரு தொடரின் தொடக்கமே. ஒடித்துப் பொறுக்கியது சுள்ளி, வெட்டிப் பிளந்தது விறகு, எரிந்துகொண்டிருப்பது கொள்ளி, எரிந்து சிவந்தது தணல், அவிந்தது கரி, எஞ்சியது சாம்பல். மலாய்மொழி இதனைக் ‘காயு ஆப்பி’, அதாவது ‘நெருப்பு மரம்’ என்று பயன் தோன்றக் கூட்டுச்சொல்லாக்கியது. தமிழோ தனிச்சொல்லாகவே வைத்துக்கொண்டது.

அது விற்கப்படும் இடத்திற்குத் தமிழருக்குள்ளேயே பெயர் வேறுபடும். சென்னையில் அது விறகுத்தொட்டி, தென்மாவட்டங்களில் வாடி, யாழ்ப்பாணத்தில் விறகுகாலை. இம்மூன்று வழக்குகளையும் பேசியோர் ஒரே கப்பல்துறைகளில் வந்திறங்கிய நாடு மலாயா. நாம் கேட்டு வளர்ந்ததோ விறகுக்கடை என்னும் பொதுச்சொல்லே. அதில் உள்ள ‘கடை’ முன்னரே மலாயில் ‘கெடாய்’ ஆகியிருந்தது. ‘முதல்’ அங்கே ‘மோடால்’ ஆகி, இன்றும் வணிக முதலீட்டைக் குறிக்கிறது. ‘கிடங்கு’ என்பதே ‘கூடாங்’ ஆயிற்று என்பது பலர் ஏற்கும் கருத்து. கடையும் முதலும் கிடங்கும் அமைந்துவிட்டால் ஒரு சிறுவணிகத்தின் எலும்புக்கூடு கிடைத்துவிடுகிறது. தமிழ் வணிகர் இந்நிலத்திற்குச் சரக்கை மட்டும் கொண்டுவரவில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

காடும் வாடிக்கையும்

சிறிய விறகுக்கடை பெரிய வரலாற்றின் ஓரத்தில் நின்ற ஒன்று. 19-ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் விறகைப் பெருமளவில் விழுங்கியவை கம்பீர்த் தோட்டங்கள். கம்பீர் இலையைக் கொப்பரையில் இட்டு நெடுநேரம் காய்ச்ச வேண்டும், அடுப்பு அணையக்கூடாது. சுற்றியிருந்த காடு தீர்ந்ததும் தோட்டக்காரர் இடம்பெயர்ந்தனர். தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராயிருந்த நத்தேனியல் காண்ட்லி 1883-இல் அளித்த காட்டறிக்கைக்குப் பின்னரே ஒதுக்குக்காடுகள் அமைக்கப்பட்டன. தீவில் மரம் குறைந்தபின், ரியாவ் தீவுகளிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் தொங்கான் படகுகள் விறகையும் கரியையும் ஏற்றிவந்தன. தஞ்சோங் ரூ கரையில் அவை நின்றிருந்த காட்சி 1980-கள் வரையில் நீடித்தது. அப்பகுதியிலுள்ள கம்போங் காயு சாலையின் பெயரில் மரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேராக்கில் நிலைமை வேறு. தைப்பிங் ஈயச் சுரங்கங்களில் நீர் இறைத்த நீராவிப் பொறிகளுக்கு விறகே உணவு. 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதனை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. போர்ட் வெல்டு, இன்றைய கோலா செபெத்தாங், மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் நடுவே உள்ள ஊர். அக்காட்டின் பக்காவ் மரம் நீரில் மூழ்குமளவிற்கு அடர்த்தியானது, நேராகப் பிளக்கும், நின்று எரியும். சுரங்கங்களும் இரயில் பொறிகளும் அதனை நாடின. 1915-இல் பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டத் தொடங்கியபின் அவ்வாடிக்கை படிப்படியாகக் குறைந்தது. 1930-ஐ ஒட்டிக் கரிச்சூளைகள் எழத் தொடங்கின. நாளடைவில் விறகைவிடக் கரி முந்திக்கொண்டது.

ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புள்ள மாத்தாங் காடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வெட்டப்பட்டும் அழியாமல் நிற்கிறது. அதற்குக் காரணமான கருவி ஒரு கோல். மரங்கள் 15 ஆண்டு வளர்ந்ததும், நிற்கவேண்டிய மரத்திலிருந்து 1.2 மீட்டர் நீளக் கோலைச் சுற்றிப் பிடித்து, அவ்வட்டத்துள் அகப்பட்டவற்றை மட்டும் வெட்டுவர். 20-ஆம் ஆண்டில் கோல் 1.8 மீட்டராகும். முழுவெட்டு 30-ஆம் ஆண்டில். வெட்டுவதற்கு முன் அளப்பது என்னும் ஒழுங்கே அக்காட்டைக் காத்தது. கம்பீர்த் தோட்டக்காரரிடம் கோடரி இருந்தது. இந்தக் கோல் இல்லை.

தோட்டப்புறத் தமிழருக்கு மிக அருகில் இருந்த விறகு ரப்பர் மரம். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் வற்றிய மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்வர். வீழ்ந்தவை தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர்த் தாள்களை உலர்த்தவும், செங்கற் சூளைகளுக்கும், வீட்டடுப்புகளுக்கும் சென்றன. 1980-களில், வேதிப்பொருளேற்றிப் பூச்சியரிப்பைத் தடுக்கும் முறை பரவியதும் அதே மரம் நாற்காலியும் மேசையுமாகி ஏற்றுமதியாயிற்று. அடுப்புக்குப் போன மரம் அறைகலனுக்குப் போனபோது, சிறிய விறகுக்கடைக்காரர் வாங்கும் விலையில் அது இல்லை. அதற்குள் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் அவருடைய வாடிக்கையாளரையும் கொண்டுபோயிருந்தன.

கைக்கருவிகள்

அத்தகைய கடையொன்றைத் தொடங்க என்ன தேவைப்பட்டது? முதலாவது கோடரி, அதுவும் ஒன்றன்று, இரண்டு. மரத்தை வீழ்த்தும் கோடரிக்கு வாய் மெல்லியதாயிருத்தல் வேண்டும்; அது நாரை அறுத்து உள்ளே செல்ல வேண்டும். பிளக்கும் கோடரிக்கு வாய் தடித்திருத்தல் வேண்டும். அது நாரை அறுக்காமல் விலக்கித் தள்ள வேண்டும். வெட்டுதல், பிளத்தல் என்று தமிழ் வினைகளை வேறுபடுத்துவது வெறும் சொல்லழகன்று. இரும்பின் வடிவமே அங்கு வேறு. யாழ்ப்பாணத்தார் விறகைக் ‘கொத்துவர்’.

கோடரிக்குப் பழந்தமிழில் நவியம் என்று பெயர். புறநானூற்றின் 36-ஆம் பாட்டில் ஆலத்தூர்கிழார், பகைவரின் காவல்மரங்களை வீழ்த்தும் நவியத்தைக் கூறுமிடத்து அதன் நீண்ட காம்பையும், கொல்லன் அரத்தால் அராவிக் கூராக்கிய வாயையும் விடாமல் குறிப்பிடுகிறார். தொழில் அறிந்தோர் இரண்டையும் உடனே உணர்வர். காம்பு நீண்டால் வீச்சுக்கு விசை கூடும்; வாய் மழுங்கினால் அவ்விசை வெட்டுவோரின் தோளுக்கே திரும்பும். நவியம் என்னும் பெயர் வழக்கிழந்தது. அரம் இன்றும் அரமே.

முறுக்கு விழுந்த கட்டைக்குக் கோடரி போதாது. அங்கு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும். வெடிப்பில் ஓர் ஆப்பை இறக்கி, வெடிப்பு நீளும் திசையில் மற்றொன்றை வைத்து, முதலாவதைத் தளர்த்தி எடுப்பர். ஓர் ஆப்பை மட்டும் வைத்திருப்பவர் அதனைக் கட்டைக்குள்ளேயே இழந்துவிட்டு நிற்பார். ஆப்பசைத்த குரங்கின் கதையை நாம் குழந்தைகளுக்கு அறிவுரையாகச் சொல்கிறோம். விறகுக்கடையில் அது தொழிற்பாடம்.

நீண்ட மரத்தைத் துண்டாக்க இருவர் இழுக்கும் பெரிய வாள் இருந்தது. வாள் என்றவுடன் இலக்கியம் பயின்றோர் போர்க்களத்தை நினைப்பர். ஆனால் மரமறுக்கும் ஆலைக்குத் தமிழகத்தார் வைத்த பெயர் வாள்பட்டறை. போர் வாள் அருங்காட்சியகத்திற்குச் சென்றுவிட்டது. மரம் அறுத்த வாள்தான் அச்சொல்லை உயிரோடு காத்தது. தோட்டப்புறத் தமிழர் மலாய்க்காரரிடமிருந்து பாராங் கத்தியையும் அதன் பெயரோடு எடுத்துக்கொண்டனர். கிளை கழிக்க அதனினும் ஏற்ற கருவி அவர்களிடம் இல்லை. கடை சொல்லைக் கொடுத்தது; காடு சொல்லை வாங்கியது.

நிறையும் நம்பிக்கையும்

விறகு வணிகத்தில் கோடரியைவிட நுட்பமான கருவி தராசு. தராசு என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. நிறைகோல், துலாக்கோல் என்பன தமிழில் முன்பே உண்டு. ஒற்றைக் கோலில் கோடிட்டு, எடைக்கல்லை நகர்த்தி நிறுக்கும் வகைக்கு வெள்ளிக்கோல் என்று பெயர். மலாயாவின் சந்தைகளில் அதே வகைக் கோல் ‘டாசிங்’ என்னும் பெயரில் சீனர் வழியாக வழங்கிற்று. நிறுத்த அளவு காத்தியும் பிக்குலும். நூறு காத்தி ஒரு பிக்குல்; ஏறத்தாழ 60 கிலோகிராம். மலாயில் பிக்குல் என்றால் தோளில் சுமத்தல். ஒருவர் சுமக்கக்கூடியதே ஓர் அளவு. தமிழில் நாம் ஒரு சுமை விறகு என்பதும் இதே எண்ணமே. இரு மொழிகளும் மனித உடலையே முதற் படிக்கல்லாகக் கொண்டிருந்தன. 1970-களில் மெட்ரிக் அளவை வந்தபோது அத்தோள் அளவையிலிருந்து நீங்கியது.

எனினும் எந்தத் தராசாலும் தீராத சிக்கல் ஒன்று இத்தொழிலில் உண்டு. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கக்கூடும். எடைக்கு விற்றால் ஈரவிறகு விற்பவர்க்கு இலாபம். வாங்குபவர் தண்ணீருக்கும் காசு கொடுத்துப் புகையையும் பெறுகிறார். அடுக்கின் அளவிற்கு விற்றால் தளர அடுக்குபவர்க்கு இலாபம். வாங்குபவர் காற்றுக்குக் காசு கொடுக்கிறார். ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தாலே விறகு நன்றாக எரியும். நம் மழையில் அதற்குக் கூரையும் பல மாதக் காத்திருப்பும் வேண்டும். மண்ணில் படாமல் கீழே கட்டைகள் குறுக்கிட்டு, காற்று ஊடுருவ அடுக்கி, மேலே மறைப்பிட்டுப் பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். அத்தனை காலமும் கடைக்காரரின் பணம் அங்கே முடங்கிக் கிடக்கும். ஆகவே விறகுக்கடையின் உண்மையான முதல் கோடரியோ வண்டியோ அன்று, காத்திருக்கும் ஆற்றலே. அது இல்லாதவர் ஈரவிறகை விற்றார். ஈரவிறகை விற்றவர் வாடிக்கையை இழந்தார்.

எழுதாமல் விட்டவை

இதனை நமக்குக் கற்பித்தவர் ஒரு விறகுக்கடைப் பெரியவர். முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தோட்டப்புறத் தமிழின் வேற்றுமை உருபுகளைத் திரட்டிக்கொண்டிருந்த காலம் அது. வாக்கியங்களைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தோம். அவர் இடையிடையே, அடுக்கிக் கிடந்த பிளவுகளைக் காட்டி, அடுப்புக்கு ஒரு பெயர், சூளைக்கு ஒரு பெயர், பற்றவைக்க ஒரு பெயர் என்று சொல்லிக்கொண்டே போனார். ஆய்வுக்கு அவை வேண்டாதவை எனக் கருதி ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தி வைத்தோம். நாடாவை மிச்சப்படுத்தினோம். விடைபெறும்போது அவர் சொன்னார்: “தம்பி, எப்படிப் பேசுறோம்னு கேட்டீங்க. எதைப் பேசுறோம்னு கேக்கவே இல்லையே.”

அந்த ஆய்வேட்டில் உருபுகள் அட்டவணையாக உள்ளன. அப்பெரியவர் சொன்ன மூன்று பெயர்களும் இல்லை. இன்று எவ்வளவு முயன்றும் அவை நம் நினைவிற்கு வரவில்லை. பின்னர் ஒருமுறை அவ்வூருக்குச் சென்றபோது கடையிருந்த இடத்தில் செம்பனை நின்றது. கேட்பதற்கு ஆளும் இல்லை.

இவ்விழப்பு ஒருவரின் கவனக்குறைவு மட்டுமன்று. மொழியை நூலில் தேடப் பழகிய நம்மவர் பலரும் தொழிலிடங்களைச் சொற்களின் கிடங்காக எண்ணியதில்லை. சொல் தனியே சாவதில்லை. அது குறிக்கும் வேலையோடு சாகிறது. வேலை முடியும்முன் கேட்டு எழுதிக்கொண்டால் சொல்லாவது எஞ்சும்.

விறகுத் தொழில் முற்றிலும் மறையவில்லை. பொங்கலுக்கும் கோயில் வேள்விக்கும் விறகு வேண்டியிருக்கிறது. விறகடுப்புச் சமையலை விளம்பரப்படுத்தும் உணவகங்களும் உள்ளன. இன்று சிறிதாகத் தொடங்குவோர் சங்கிலி ரம்பமும், நீரழுத்தத்தால் இயங்கும் பிளப்பு எந்திரமும், லாரியும், ஈரம் காட்டும் சிறு மின்கருவியும் வாங்குகின்றனர். ஆனால் அப்பிளப்பு எந்திரத்தின் முனையில் இருப்பது ஆப்பு. சங்கிலி ரம்பத்தின் பற்கள் மழுங்கும்போது கையில் எடுப்பது ஓர் உருட்டு அரம். ஆலத்தூர்கிழார் கண்ட கொல்லனின் கையில் இருந்ததற்கும் பெயர் அதுவே.

இதைக் கேட்போரின் வீடுகளில் தாத்தாவோ பாட்டியோ விறகு வெட்டியவராக, வண்டி ஓட்டியவராக, பால்மரம் வெட்டியவராக இருக்கக்கூடும். அவர்களிடம் கருவிகளின் பெயர்களைக் கேளுங்கள், சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். நாடாவை மிச்சப்படுத்தும் பிழையை நாம் ஏற்கெனவே செய்துவிட்டோம். அதனை இன்னொருவர் செய்ய வேண்டா.