அனுமதிப்பத்திரமும் மக்களும்: கூடங்குளம் அணுமின் நிலைய நிபந்தனைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஹல்துமுல்லைப் பிரதேசச் செயலாளர் பிரிவிலே, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எனவே, அழிவுக்கு அறிவின் குறைபாட்டைக் காரணமாகக் கூறவியலாது. நிறுவனம் கூறியதை நிறைவேற்றும் கடப்பாடு யாருக்கு உண்டு, அது நிறைவேறாதவிடத்துக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அங்கு எழுந்த வினா. இவ்வினாவை அதன் மிகப் பெரிய அளவில் எழுப்பும் துறை அணுமின் உற்பத்தியாகும். இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. ஆயின் மன்னார்க் குடாவின் மறுகரையில், தமிழ் பேசும் மீனவரும் விவசாயிகளும் வாழும் திருநெல்வேலி மாவட்டத்தில், கூடங்குளம் உண்டு. அதன் அனுமதி வரலாற்றை நோக்குதல் எமக்கும் பயன்தருவதாகும்.

1988 நவம்பர் 20ஆம் திகதி ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழி, தலா 1000 மெகாவாட் வலுவுள்ள இரு உலைகள் அங்கு அமைவதாயிற்று. 1989 மே மாதத்தில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சு நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கியது. அதே மாதம் முதலாம் திகதி கன்னியாகுமரியில் திரண்ட மீனவர் பேரணி மீது பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். அனுமதியும் எதிர்ப்பும் ஒரே காலத்திற் பிறந்தவை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1989இல் எண்ணப்பட்ட திட்டமும் பின்னர் கட்டப்பட்ட திட்டமும் ஒன்றல்ல. நிலையத்துக்கான நன்னீர் பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் என்பது முதலேற்பாடு. கன்னியாகுமரி மாவட்ட விவசாயிகள் அதனை எதிர்த்தனர். பின்னர் அது கைவிடப்பட்டு, கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகள் நிலைய வளவிலேயே அமைக்கப்பட்டன. எரிந்து முடிந்த எரிபொருளைச் சோவியத் யூனியன் திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்பது மற்றோர் ஏற்பாடு. 1991இல் அவ்வரசு மறைந்தது. 1998இல் ரஷ்யாவுடன் செய்யப்பட்ட துணை உடன்படிக்கையின்படி அவ்வெரிபொருள் இந்தியாவிலேயே தங்குவதாயிற்று. முதல் உலைக்கான கொங்கிரீட் 2002 மார்ச்சிலேயே இடப்பட்டது.

மாற்றம் என்பது தன்னளவில் தீங்கானதன்று. அணைநீர் விவசாயிகளுக்கு எஞ்சியமை நன்மையே. ஆனால் அணுக்கழிவு எங்கே தங்கும் என்பது பல தலைமுறைகளைத் தொடும் விடயம். இத்தகைய மாற்றங்கள் பழைய அனுமதியினுள் அடங்குமா, அன்றிப் புதிய பரிசீலனையை வேண்டுவனவா? 1994இல் இந்தியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு சட்டவலுப் பெற்றது. 1997இல் பொது விசாரணை கட்டாயமாயிற்று. கூடங்குளத்தின் முதலிரு உலைகளோ 1989இலேயே அனுமதி பெற்றவை என்ற காரணத்தால் அவ்விசாரணைக்கு வெளியே நின்றன. திட்டம் மாறிற்று, அனுமதியின் திகதி மாறவில்லை. திகதியே மக்களின் குரலுக்குத் தடையாயிற்று எனலாம்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நிலையன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1979 மார்ச் 28ஆம் திகதி திரீ மைல் ஐலண்ட் விபத்து நேர்ந்தது. அடுத்த ஆண்டு அங்கு தேங்கியிருந்த கதிரியக்க வாயுவை வெளியேற்ற ஒழுங்குமுறை ஆணைக்குழு அனுமதித்தது. இது தொடர்பான வழக்கில், உத்தரவுப்பத்திரத்தைத் திருத்துமுன், பாதிக்கப்படுவோர் கோரின் விசாரணை நடத்தல் வேண்டுமென 1980இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 1983 ஜனவரியில் அந்நாட்டுச் சட்டமன்றம் சட்டத்தையே திருத்தியது. குறிப்பிடத்தக்க ஆபத்து இல்லையென ஆணைக்குழு தீர்மானிக்கும் திருத்தத்தை, விசாரணை கோரப்பட்டிருப்பினும் உடன் நடைமுறைப்படுத்தலாம் என்றாயிற்று. ஆயினும் திருத்தத்தை முன்னறிவித்து மக்கள் கருத்தைக் கேட்கும் கடப்பாடு அங்கு எஞ்சியது. முதலாளித்துவ அரசிலும் போராடிப் பெற்ற உரிமை முற்றாக மறைவதில்லை. அதன் எல்லை மட்டும் சுருக்கப்படுகிறது.

இந்தியாவில் பரிசீலிப்போர் யார்? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் அரசாணையால் அமைக்கப்பட்டு, அணுசக்தி ஆணைக்குழுவுக்குப் பொறுப்புக் கூறுவதாய் இருந்தது. அணுசக்தித் துறையின் செயலாளரே அவ்வாணைக்குழுவின் தலைவர். நிலையத்தை நடத்தும் கூட்டுத்தாபனமும் அத்துறையின் கீழேயே இருந்தது. இவ்வமைப்பின் சுதந்திரமின்மையை 2012இல் இந்தியக் கணக்காய்வாளர் நாயகமே சுட்டிக்காட்டினார்.

2011 மார்ச்சில் நிகழ்ந்த ஃபுகுஷிமா விபத்தின் பின் இடிந்தகரையை மையமாகக் கொண்டு போராட்டம் வலுப்பெற்றது. விபத்தை அடுத்துக் கூடங்குளத்துக்கென 17 பரிந்துரைகள் கூறப்பட்டன. அவையனைத்தும் நிறைவேறுமுன் எரிபொருள் இடலாமா என்பது வழக்காயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் 2012 ஓகஸ்டில் மனுக்களைத் தள்ளியது; செப்ரெம்பரில் எரிபொருள் இடப்பட்டது. 2013 மே 6ஆம் திகதி உச்ச நீதிமன்றமும் திட்டத்தை அனுமதித்து 15 பணிப்புரைகளை விதித்தது. எரிந்த எரிபொருளுக்கு உலைக்கு வெளியே ஐந்தாண்டுகளுள் சேமிப்பகம் அமைக்கப்படும் என்ற உறுதியும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அது நிறைவேறவில்லை, 2018இல் நீதிமன்றமே காலத்தை 2022 வரை நீட்டியது. இதற்கிடையில் உலைகள் மின்சாரத்தையும் கழிவையும் ஒருங்கே உற்பத்தி செய்தன. நிபந்தனை பின்தங்கியபோதும் உற்பத்தி நிற்கவில்லை.

முற்போக்காளர் இவ்விடத்து ஒரு சங்கடத்தை எதிர்கொள்ள வேண்டும். இந்தியாவின் பெரிய இடதுசாரிக் கட்சிகள் ஜைதாப்பூரில் பிரெஞ்சு உலைகளை எதிர்த்த அளவு உறுதியுடன் கூடங்குளத்தை எதிர்க்கவில்லை. சோவியத் தொழில்நுட்பம் என்ற நினைவும், கைத்தொழில் வளர்ச்சி பற்றிய நம்பிக்கையும் இதற்குப் பங்களித்தன என்றே கருதவேண்டியுள்ளது. விஞ்ஞானத்தை எதிர்ப்பது மார்க்சியமன்று. ஆனால் உற்பத்திச் சக்தியின் வளர்ச்சியை அதன் உற்பத்தி உறவுகளிலிருந்து பிரித்து நோக்குவதும் மார்க்சியமன்று. மின்சாரம் நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் செல்ல, ஆபத்து கரையோர மீனவரிடம் தங்குமாயின், அப்பங்கீட்டைத் தீர்மானிப்பது பௌதிக விதியன்று, வர்க்க உறவே.

மீரியபெத்தையிலும் இவ்வுறவே தொழிற்பட்டது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றபோதும், லயனில் வாழ்ந்தவருக்கு அந்நிலத்தில் உரித்து ஏற்படவில்லை. செல்வதற்கு வேறு நிலமற்றவரிடம் எச்சரிக்கையை மட்டும் கையளித்தல் பாதுகாப்பாகாது. அவ்வாறே, மாற்றத்தை மறுக்கும் வலு அற்ற மீனவருக்கு, நீதிமன்றக் கோவையிலுள்ள நிபந்தனையும் பாதுகாப்பாகாது.

ஆகவே கோரிக்கை தெளிவானது. ஆபத்தான தொழில் ஒன்றின் அனுமதி மாறும் ஒவ்வொரு முறையும், அம்மாற்றம் அங்கு வாழும் மக்களின் மொழியில் வெளியிடப்படல் வேண்டும்; நடத்துநருக்குக் கட்டுப்படாத அமைப்பொன்றின் முன் அது விசாரிக்கப்படல் வேண்டும்; நிபந்தனை நிறைவேறாதவரை தொழில் நிறுத்தப்படல் வேண்டும். இம்மூன்றையும் பெறாத மக்கள், அனுமதிப்பத்திரத்தின் தரப்பினராகக் கருதப்படவில்லை என்பதே பொருள்.