பின்வரிசையில் நின்ற முகம்

சிகாகோவில் மகன் வீட்டுக்கு வந்து 2 மாதம் ஆகிறது. நலமாக இருக்கிறேன். இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வரலாற்று வாத்தியாருக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியாததா?

பேத்தி பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். இங்கே பள்ளியின் கடைசி வருடப் பிள்ளைகளை 'சீனியர்' என்கிறார்கள். ஒவ்வொரு சீனியரும் தனியாகப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். பள்ளி ஆண்டு மலருக்கு ஸ்டுடியோவில் ஒன்று: பல பள்ளிகளில் பெண்களுக்குத் தோளில் கறுப்புத் துணி, பையன்களுக்குக் கோட்டும் போ டையும். அது போக, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வெளியிலும் எடுக்கிறார்கள். நகரத்துப் பிள்ளைகள் செங்கல் சுவர், ஆற்றுப் பாலம், சந்து என்று தேடிப் போகிறார்கள்.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1806-லேயே யேல் கல்லூரியில் படித்து முடித்தவர்களின் நிழலுருவங்களைச் சேர்த்து ஒரு புத்தகம் வந்தது. 1839-இல் புகைப்படம் உலகுக்கு அறிமுகமானது. ஆனால் அந்த டாகுரோடைப் முறையில் ஒரு தகட்டுக்கு ஒரே படம்தான். பிரதி போட முடியாது. கண்ணாடி நெகட்டிவ் வந்ததும் ஒரு முகத்தை எத்தனை தாளிலும் அச்சிட முடிந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வாரன் என்பவர் 1860-களில் கல்லூரி மாணவர்களைத் தனித்தனியே படமெடுத்தார். அவர்கள் நண்பர்களின் படங்களை வாங்கி ஆல்பமாகக் கட்டிக்கொண்டார்கள். 1880-களில் ஹாஃப்டோன் அச்சு முறை பரவி, புத்தகத்தில் புகைப்படம் போடும் செலவு குறைந்தது. பிறகு இந்த வழக்கம் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் இறங்கி வந்தது.

போன சனிக்கிழமை மாலை பேத்தியுடன் நானும் போனேன். படமெடுத்தவர் ஒரு கறுப்பினப் பெண். வெல்ஸ் தெருப் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். 1922-இல் திறந்த இரட்டை அடுக்குப் பாலம் அது. மேலே ரயில் ஓடுகிறது. வெயிலில் நிறுத்தாமல், உயரமான கட்டடத்தின் நிழலில் நிறுத்தினார். எதிர்க்கட்டடத்துக் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முகத்தில் மெதுவாக விழுந்தது. ஒரு வெள்ளை அட்டையை என் மகன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிறகு சுவரையோ உடையையோ பார்க்காமல், பேத்தியின் கன்னத்தருகே கருவியை வைத்து வெளிச்சத்தை அளந்தார்.

பேத்தி அவள் பாட்டியின் நிறம், நல்ல கறுப்பு. நான் சும்மா இருக்காமல், "கொஞ்சம் வெள்ளையாத் தெரியுற மாதிரி எடுக்கச் சொல்லும்மா" என்றேன்.

"ஏன் தாத்தா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் படித்தேன். 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்றது. அதே 1954-இல் கோடாக் நிறுவனம், கலர் பிலிமின் விலையோடு கழுவும் கட்டணத்தையும் சேர்த்தே வாங்கும் வழக்கத்தை விட வேண்டியதாயிற்று. வெளி லேப்கள் பெருகின. நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் போகும். அதில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அந்த முகம் அழகாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். இரண்டு நிறப் பிள்ளைகளும் ஒரே படத்தில் நின்றபோது வெள்ளை முகம் தெளிவாக வந்தது. கறுப்பு முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. பெற்றோர் குறைபட்டுக்கொண்டார்கள். ஆனால் சாக்லெட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் 'எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை' என்று சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தும் வேலை சூடு பிடித்ததாம். அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னது இது. பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் கார்டு 1990-களில்தான் வந்தது.

படித்து முடித்ததும் எனக்கு 1988 மார்ச் நினைவுக்கு வந்தது. நம் பிளஸ் டூ பிரிவு உபசாரக் குரூப் போட்டோ. கலரில் எடுத்த முதல் வருடம். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு நிறுத்தினோம். "கறுப்பா இருக்கிற பசங்களைப் பின்னால தள்ளுங்க சார், முன்னால நின்னா படம் எடுபடாது" என்றார் போட்டோக்காரர். வகுப்பாசிரியன் நான். மறுபேச்சுப் பேசாமல், முன்வரிசையில் ஆசையாக வந்து நின்ற ஒருவனைக் கையைப் பிடித்துப் பின்வரிசை ஓரத்தில் நிறுத்தினேன்.

படம் வந்தது. அத்தனை வெள்ளைச் சட்டைகளுக்கும் வெளிச்ச அளவு வைத்தால், மரநிழலில் நிற்கும் கறுத்த முகம் இருண்டுதான் போகும். இது இப்போது புரிகிறது. அன்று அவன் படத்தைக் கையில் வாங்கி, "சார், இதுல நான் எங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் படத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனான். 8 ரூபாய் கொடுத்திருந்தான்.

பிலிமின் குறை பிலிமோடு போகட்டும். கையைப் பிடித்துப் பின்னால் நிறுத்தியது பிலிம் அல்ல, நான். சிரித்ததும் நான்தான். 30 வருடத்துக்கு மேல் சமத்துவத்தைப் பாடமாக நடத்தியவன், பேத்தியிடமும் போய் அதையே கேட்டிருக்கிறேன்.

தம்பி, பெயர் போடவில்லை, உனக்குத் தெரியும். நீ இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடு. உன் படம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கார்த்திகையில் ஊருக்கு வருகிறேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் வர முடிந்தவர்கள் வாருங்கள், அதே இடத்தில் இன்னொரு படம் எடுப்போம். இந்த முறை அவன் முன்வரிசையில், என் பக்கத்து நாற்காலியில்.

பேத்தியின் படம் நேற்று வந்தது. அவள் நிறத்திலேயே இருக்கிறாள். அச்சு அசல் அவள் பாட்டி.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்